முன் சக்கரத்துக் காற்று

"ஓட்டையே இல்லம்மா" என்றார் சைக்கிள் கடைக்காரர். ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு சுற்று முழுக்க அமுக்கிப் பார்த்தாயிற்று. ஒரு குமிழி கூட எழவில்லை.

"அப்புறம் எப்படிங்க தினமும் காலைல காத்து இல்லாம நிக்குது? சாயங்காலம் நான்தானே பம்பு வச்சு அடிச்சு நிறுத்தறேன்?"

"யாரோ வேணும்னே புடுங்கி விடறாங்க. உங்க மேல யாருக்காவது கடுப்பா?"

அவளுக்கு உடனே மாடிவீட்டுக்காரியின் முகம்தான் ஞாபகம் வந்தது. சைக்கிளுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த அன்று, "யாரு, உங்க வீட்டு சாரா இத ஓட்டப் போறாரு?" என்று மேலே நின்றபடியே கேட்டுச் சிரித்தவள்.

கடைக்காரர் டயரை மாட்டிவிட்டு வண்டியை ஏற இறங்கப் பார்த்தார். "அதிசயமான வண்டிம்மா இது. பெடல்ல நீங்க அடிச்ச பெயிண்ட் அப்படியே இருக்கு. ஹேண்டில் பிடி மட்டும் அதுக்குள்ள தேஞ்சு போச்சே."

"பிடி பழசுங்க."

எல்லாமே பழசுதான். காயலான் கடைக்காரரின் மகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்து வாங்கிய ஃபிரேம். மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்ட பேப்பர்காரர், எடுத்துட்டுப் போங்கம்மா என்று தூக்கிக் கொடுத்த முன் சக்கரம். அது பின் சக்கரத்தைவிட ஒரு விரல் பெரியது. அதனால் வண்டி எப்போதும் கொஞ்சம் தலையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கும். சீட்டுக்குக் கிழிந்த கைப்பையின் தோல். உடம்புக்கு, வாசற்கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை. மழைக்காலம் முழுவதும் அவள் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வாங்கி வந்தாள்.

எல்லாம் அவள் கணவருக்காக. அச்சகத்துக்கு ஆயுள் முழுக்க சைக்கிளில் போய் வந்தவர். பக்கவாதம் வந்து இடது காலை இழுத்துக்கொண்ட பிறகு வாசலைத் தாண்டவில்லை. மகள் வாங்கி அனுப்பிய கைத்தடியை, "நான் என்ன கிழவனா?" என்று கதவுக்குப் பின்னால் எறிந்தார். அதோடு பேச்சும் நின்றது.

ஜன்னலைப் பார்த்து அவர் உட்கார்ந்திருப்பார். அவர் முதுகைப் பார்த்து அவள். ஒரு நாள் வெங்காயம் நறுக்கும்போது, தான் கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொல்லிக்கொண்டிருப்பதைக் கவனித்துப் பயந்துபோனாள். அன்றுதான் முதன்முதலாகக் காயலான் கடைக்குப் போனாள்.

"உனக்கென்ன பைத்தியமாம்மா? அப்பாவால எப்படி ஓட்ட முடியும்?" என்று மகள் ஃபோனில் கத்தினாள்.

"ஓட்டுவாருடி. மனசு வச்சா ஓட்டுவாரு."

காலைத் தூக்கிப் போடச் சிரமமாக இருக்கக்கூடாதென்று நடுக்கம்பி தாழ்ந்த ஃபிரேமாகத் தேடி எடுத்திருந்தாள். வண்டி முடிந்த அன்று அவர் எழுந்து வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். "லேடீஸ் சைக்கிளா?" என்றார். எத்தனையோ நாள் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மறுநாள் காலை வண்டியைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினார். "முன் டயர்ல காத்து இல்ல. இருந்தா ஏறி ஓட்டியிருப்பேன்."

அன்றிலிருந்து இதே கதைதான். அவள் அடித்து நிறுத்துவாள். விடிந்தால் டயர் சப்பையாகக் கிடக்கும். தள்ளிக்கொண்டாவது போகிறார், சரி. ஆனால் எத்தனை நாளைக்கு? வண்டி சரியில்லை என்று அலுத்துப்போய் மறுபடி ஜன்னலுக்கே போய்விட்டால்? அந்த முதுகை இன்னொரு முறை பார்த்துக்கொண்டு உட்கார அவளால் முடியாது.

இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று மறுநாள் இருள் பிரியும் முன்பே எழுந்து, துடைப்பத்தை இறுக்கிப் பிடித்தபடி சமையலறை ஜன்னலோரம் ஒளிந்து நின்றாள். மாடிப்படியிலேயே கண் வைத்திருந்தாள்.

படியில் யாரும் இறங்கவில்லை. வாசலில் மட்டும் 'உஸ்' என்று சத்தம் கேட்டது.

அவர்தான். ஒரு கையால் சுவரைப் பற்றிக்கொண்டு, குனிந்து, நடுங்கும் விரல்களால் வால்வைத் தளர்த்திக்கொண்டிருந்தார். காற்று முழுக்க இறங்கியதும் மறுபடி இறுக்கினார். நிமிர்வதற்குத்தான் வெகுநேரம் பிடித்தது.

பிறகு இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பற்றி, உடம்பின் பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டு, அடி அடியாக நடந்தார்.

"என்ன சார், இன்னிக்கும் பஞ்சரா?" மாடிவீட்டுக்காரிதான் மேலேயிருந்து கேட்டாள்.

"ஆமாம்மா! இல்லேன்னா ஓட்டிட்டே போயிருப்பேனே!" தெருவுக்கே கேட்டது. அச்சகத்தில் மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய அந்தப் பழைய குரல்.

அவள் திரும்பினாள். கதவுக்குப் பின்னால் கைத்தடி தூசி படிந்து சாய்ந்திருந்தது.

மறுநாள் காலை சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் வெளியே வந்தபோது, அவள் ஏற்கெனவே வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். குனியப் போனவர் அப்படியே நின்றார். முன் டயர் தரையோடு தரையாகப் படிந்திருந்தது.

டயரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அவள் தலை நிமிராமல் பெருக்கிக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கும் காத்து இல்லீங்க. தள்ளிட்டே போயிட்டு வந்துடுங்க."