சாட்சிக் கையெழுத்து

"இறந்துபோன மரிவிக்குக்கு இவர் புருஷன், நீங்க தங்கச்சி. சரிதானே?"

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து நோர்மா கேட்டாள். பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில், வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களின் விவகாரங்களைக் கவனிக்கும் அலுவலகம் அது. அங்கே விவகாரம் என்றால் பெரும்பாலும் சாவுதான்.

"மரிவிக் என் பொண்டாட்டிதான், மேடம்" என்றான் ரோடெல்.

பக்கத்தில் நின்ற பெண், தங்கை ரோவெனாவின் பிறப்புச் சான்றிதழையும், ஊர்த் தலைவர் கொடுத்த அடையாளத் தாளையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். விரல்களில் கருவாட்டு உப்பு அரித்த வெடிப்புகள்.

இருபத்துமூன்று நாட்களாக உடல் ஹாங்காங் சவக்கிடங்கில் கிடந்தது. வேலை செய்த வீட்டின் சமையலறையில் விழுந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

நோர்மா இறந்தவளின் பாஸ்போர்ட் நகலைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"அக்காவுக்கு நாப்பத்தஞ்சு. உங்களுக்கு முப்பத்தொம்பது. ஆனா உங்களைப் பார்த்தா நீங்கதான் மூத்தவங்க மாதிரி இருக்கீங்க!"

"அவ ஏசி வீட்டுல இருந்தா. நான் வெயில்ல மீன் காயப்போடறவ" என்றாள் அவள்.

"அது சரி. நீங்க பாஸ்போர்ட்டே எடுத்ததில்லையா?"

"எனக்கு எதுக்கு மேடம்? கடலுக்கும் சந்தைக்கும் போக அதை யாரு கேக்கறாங்க?"

நோர்மா சிரித்துவிட்டு, சாவு வீட்டுக்காரர்களிடம் சிரிக்கக் கூடாது என்று ஞாபகம் வந்தவளாக முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்குங்க. எல்லாத் தாள்லயும் பேரு, பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கணும். பக்கத்து கபீஸ் மாகாணத்துலேருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. பிறந்த வருஷம் ஒண்ணு தப்பு. கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க, அலைஞ்சாங்க, ஒன்பது மாசம். கடைசியில அங்கேயே யாரோ புதைச்சுட்டாங்க."

அந்தப் பெண்ணின் கை கண்ணாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"எங்கது எல்லாம் சரியா இருக்கா?"

"கச்சிதமா இருக்கு. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா புதன்கிழமை விமானத்துல உடம்பு வந்துடும். போட்டதும் அவங்க பாஸ்போர்ட்டை ரத்து பண்ணிடுவோம். ஓட்டர் லிஸ்ட், ஆஸ்பத்திரி கார்டு எல்லாத்துலேருந்தும் பேரு போயிடும். ஒரு பொண்ணு இருக்கில்ல? நாளைக்கு அது காலேஜுக்குப் போனா 'தாய் இல்லை'ன்னு இந்தத் தாளைக் காட்டினா போதும்."

ரோடெல் தரையைப் பார்த்தான்.

"உங்களுக்கும்தான் சார். சொல்லக் கூடாது, ஆனா சட்டப்படி நீங்க இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலாம். நம்ம நாட்டுல விவாகரத்துச் சட்டமே இல்ல. கல்யாணம் முறியறதுக்கு சாவை விட்டா வேற சுலபமான வழி ஏது?"

"சும்மா இருங்க மேடம்" என்றான் அவன். குரல் உடைந்திருந்தது. நல்ல புருஷன் என்று நோர்மா மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

"கல்லறைக் கல்லுல நாங்க இஷ்டப்பட்ட பேரை எழுதிக்கலாமா?" என்று அந்தப் பெண் திடீரென்று கேட்டாள்.

"வீட்டுல கூப்பிடற செல்லப் பேரா? முடியாதும்மா. அடக்கம் பண்ற அனுமதியில என்ன பேரோ, அதேதான் கல்லுலயும்."

"அவ பேரு கூட அவளுக்குக் கிடைக்காதா?" என்று முணுமுணுத்தாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. பேனா குடுங்க."

ரோடெல் அவள் கையைப் பிடித்தான். "வேணாம். இன்னும் கொஞ்சம் யோசி."

"யோசிச்சா? ஒன்பது மாசம் அந்தப் பனிப்பெட்டியில கிடப்பா. அப்புறம் யாரோ ஊரு பேரு தெரியாதவன் மண்ணு போடுவான். இருபத்தோரு வருஷம் அடுத்தவன் வீட்டுல கிடந்தது போதாதா?"

கையெழுத்துப் போட்டாள். எழுதத் தெரியாதவள் போல எழுத்து எழுத்தாக, நெடுநேரம் எடுத்துக்கொண்டு. ரோடெலும் போட்டதும் நோர்மா முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்த ரோடெலின் மகள் எழுந்து வந்து, அந்தப் பெண்ணின் தோளில் சாய்ந்துகொண்டாள். "அம்மா, சித்தி எப்பம்மா வருவாங்க?"

"புதன்கிழமை" என்றாள் மரிவிக். இருபத்தோரு வருஷத்துக்கு முன், வெளிநாட்டு வேலைக்கு வயது பத்தாத தங்கை ரோவெனா ஹாங்காங் போவதற்காகத் தன் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தவள், இன்று அந்தத் தங்கை ஊர் திரும்புவதற்காகத் தன் சாவுக்கே சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தாள்.