கூரை மேல் ஒரு வயல்

சண்டைக் காலத்தில் ஒரு வெடிமருந்துக் கொட்டகை இருந்ததாம். எதிரி விமானத்தின் கண்ணில் படாமல் அதை மறைக்கும் வேலை, கடைகளுக்குப் போர்டு எழுதிப் பழகிய ஒரு தூரிகைக்கு வந்தது. மூன்றே நாளில் தகரக் கூரை முழுக்க நெல்வயல் வரைந்து முடித்தது. பிறகு, வழக்கம்போல ஓரத்தில் தன் பெயரை எழுதச் சிவப்பில் தோய்ந்து நின்றது.

"அடப்பாவி! வயல்ல யாராவது கையெழுத்துப் போடுவாங்களா? மேலேயிருந்து பார்த்தா தெரிஞ்சிடும். என் வயிறு பூரா வெடி!" என்று கொட்டகை அலறியது.

"அப்போ நான் வரைஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்?" என்று தூரிகை முகம் வாடியது.

அந்நேரம் ஒரு கொக்கு வந்து இறங்கியது. இரண்டு தரம் கொத்திப் பார்த்துவிட்டு, "என்ன வயலோ! ஒரு நண்டுகூட இல்ல. மண்ணு காய்ஞ்சு தகரமா கிடக்கு" என்று திட்டியது. ஆனாலும் நம்பிக்கை விடாமல் ஒற்றைக்காலில் காத்து நின்றது.

தூரிகை சத்தமில்லாமல் சிவப்பைக் கழுவிக்கொண்டது.

விமானம் வந்தது. கொட்டகை மூச்சைப் பிடித்துக்கொண்டது. வயலையும் கொக்கையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு விமானம் போயே போய்விட்டது.

தூரிகை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கொக்கண்ணே, என் வயலை இன்னொரு தரம் திட்டுங்களேன்" என்றது.