நீங்க முன்னால நடங்க

"இது மிளகாயா, புல்லா? கடிச்சா ஒண்ணுமே உறைக்கலையே!"

ஏசுதாசன் இதை யாரிடமும் சொல்லவில்லை. கையில் இருந்த மிளகாயிடம்தான் சொன்னான். விக்டோரியா சந்தையில் சனிக்கிழமைக் கூட்டம் நெரிந்தது. கடைக்கார இத்தாலியன் பாட்டு மாதிரி விலையைக் கூவிக்கொண்டிருந்தான்.

"அது உறைக்காது தம்பி. அங்கால மூலைக் கடையில சின்னன் இருக்கு, அதை வாங்குங்கோ."

ஏசுதாசன் திடுக்கிட்டுத் திரும்பினான். தொப்பியும் நீளக் கோட்டுமாக ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கும்.

"அண்ணாச்சி, நீங்க தமிழா?"

"ஓம், பின்ன? பேர் சிறிதரன். தம்பி எந்த ஊர்?"

"தூத்துக்குடி. நீங்க?"

"யாழ்ப்பாணம்."

எழுபத்து மூன்றாம் வருசத்து மெல்போர்னில் ஒரு தமிழ்க் குரல்! ஏசுதாசன் மிளகாயைப் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றான். அவன் கப்பலில் எஞ்சின் துடைக்கிறவன். கூட வேலை செய்பவர்கள் வங்காளிகளும் கோவாக்காரர்களும். நாலு மாசமாக அவன் தமிழ் பேசியது குளிக்கும்போது, தன்னோடு மட்டும்தான்.

இன்று சாயங்காலம் கப்பல் கிளம்பிவிடும். அதற்குள் ஒரு தமிழ் வீட்டில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க" என்று யாராவது சொல்ல, ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட வேண்டும். அந்த ஆசையில்தான் பக்கத்துக் கட்டில்காரனிடம் கோட்டு இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தான்.

ஆனால், கப்பல்காரன் என்று மட்டும் சொல்லக் கூடாது. போன வருசம் ஒரு துறைமுகத்தில் ஒரு தமிழ்க்காரர் தேனாகப் பேசிக்கொண்டிருந்தார். "கப்பல்ல வேலை" என்று இவன் சொன்னதும் கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், ஆளைக் காணோம்.

"தம்பிக்கு என்ன வேலை?"

"எஞ்சின் சம்பந்தமா, அண்ணாச்சி. நீங்க?"

"நான் ஒரு கொம்பனியில."

நல்லவேளை, அவர் மேலே தோண்டவில்லை. இவனும் தோண்டவில்லை.

"எத்தினை பிள்ளையள்?"

"ரெண்டு. பெரியவன் வாயே திறக்க மாட்டான். சின்னவ வாயை மூட மாட்டா."

சிறிதரன் வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கு மூண்டு. கடைசிப் பெட்டை சரியான ராங்கிக்காரி. தகப்பன் எண்ட பயமே இல்லை."

"அண்ணி மீன் குழம்பு நல்லா வைப்பாங்களா?"

கேட்டதும் ஏசுதாசன் நாக்கைக் கடித்துக்கொண்டான். இப்படியா அலைவான் ஒருத்தன்?

"அவ வைக்கிற குழம்போ!" என்றார் சிறிதரன். அதற்கு மேல் சொல்லாமல் எச்சிலை விழுங்கினார்.

இரண்டு பேரும் வரிசை வரிசையாகச் சுற்றினார்கள். ஏசுதாசன் ஒரு பை ஆரஞ்சும் ஒரு டப்பா பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டான். மூன்று பிள்ளைகள் இருக்கிற வீடாயிற்றே. சிறிதரன் திராட்சையும், துணியில் செய்த சின்னக் கரடி பொம்மையும் வாங்கினார்.

"சின்னப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் கையை வீசிக்கொண்டு போகேலாதெல்லோ" என்றார்.

ராங்கிக்காரி கொடுத்து வைத்தவள் என்று ஏசுதாசன் நினைத்துக்கொண்டான்.

கடைக்காரர்கள் மிச்சக் காய்களைப் பெட்டியில் அள்ள ஆரம்பித்தார்கள். கூட்டம் கரைந்தது. இனி இவர் "போயிட்டு வாறன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு. ஏசுதாசன் தைரியத்தைக் கூட்டிக்கொண்டான்.

"சாப்பாட்டு நேரமாச்சே, அண்ணாச்சி."

சிறிதரனின் முகம் மலர்ந்தது. "ஓம், சாப்பாட்டு நேரம்தான். அப்ப போவமே?"

அப்பாடா, கூப்பிட்டுவிட்டார்! ஏசுதாசனுக்குக் கால் தரையில் படவில்லை.

முதல் தெரு முனையில் சிறிதரன் நின்றார்.

"நீங்க முன்னால நடங்க, அண்ணாச்சி."

"சீச்சீ, நீங்கள் நடவுங்கோ, தம்பி."

பெரியவர் என்ன மரியாதை கொடுக்கிறார்! ஏசுதாசன் கூச்சத்தோடு அரை அடி பின்னாலேயே நடந்தான். அடுத்த முனையிலும் அதே கதை. அவர் இடது பக்கம் லேசாகச் சாய்ந்த மாதிரி இருந்தது. இவன் இடது பக்கம் திரும்பினான், அவரும் திரும்பினார். அதற்கடுத்த முனையில் வலது பக்கம்.

பேச்சு குறைந்துபோனது. பூட்டிய கடைகள், ஆள் இல்லாத தெருக்கள். சிவப்புச் செங்கல் தேவாலயம் ஒன்று வந்தது. கால்மணி நேரம் நடந்த பிறகு அதே தேவாலயம் மறுபடியும் வந்தது.

ஏசுதாசனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவசரத்தில் கூப்பிட்டுவிட்டார். இப்போது முன்பின் தெரியாதவனை வீட்டுக்குள் விட மனசில்லை. எப்படிக் கழற்றிவிடுவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வருகிறார். நம்மைக் கண்டுபிடித்துவிட்டாரோ?

கெஞ்சிப் பார்த்துவிடலாம். போனால் போகட்டும், இந்த ஊரில் நம்மை யாருக்குத் தெரியும்?

"அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. சோறுகூட வேண்டாம், ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாப் போதும். கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுப் போயிருவேன். உங்க வீடு இன்னும் ரொம்ப தூரமா?"

சிறிதரன் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ர வீடோ? தம்பி, நான் கப்பல்காரன் எண்டு தெரிஞ்சால் உங்கட வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக மாட்டியள் எண்டுதானே, இவ்வளவு நேரமும் அதைப் பற்றி வாயே திறக்காமல் உங்களுக்குப் பின்னால வாறன்!"