காம்பு கிள்ளிய வெற்றிலை

"இந்தத் தட்டை நான் வாங்க முடியாது" என்று சபாபதி கையைக் கட்டிக்கொண்டார்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீட்டில் நிறைந்திருந்த கூட்டம் மாப்பிள்ளை வீட்டார் நீட்டிய தட்டை எட்டிப் பார்த்தது. அன்று அவர் தங்கை மாரியாயியின் மகளுக்கு நிச்சயம். தாய்மாமன் தட்டை வாங்கினால்தான் காரியம் நடக்கும்.

தட்டில் மேலே இருந்த வெற்றிலைக்குக் காம்பு இல்லை. அடுத்ததற்கும் இல்லை. யாரோ கிள்ளியிருக்கிறார்கள்.

"இலையைக் கொடியோட பிடிச்சு வச்சிருக்கிறதே காம்புதான். அதைக் கிள்ளிட்டு நிச்சயத்துக்குக் கொண்டாந்தா என்ன அர்த்தம்? எங்க பொண்ணு உங்க வீட்டுல ஒட்டாதுன்னா?"

மனுஷருக்கு முறை என்றால் முறைதான். பந்தியில்கூட வாழையிலையின் நுனி எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

இத்தனை கோபத்திலும் மடியில் பேரன். சில நாளாய் வெளிக்குப் போகாமல் வீறிட்டுக்கொண்டிருந்த பிள்ளை. இன்று மகள் தங்கமணி கிள்ளானிலிருந்து ரயிலில் கொண்டுவந்து மடியில் போட்டதிலிருந்து ஒரே சிரிப்பு, தாத்தாவின் மீசையை விடுவேனா என்றது. எல்லாம் பத்துமலை முருகனுக்குத் தாம் வேண்டிக்கொண்ட பலன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டாரும் கிள்ளான்காரர்கள்தான். காம்பு எங்கே என்று புருஷன் காதோடு கேட்டதற்கு, மாப்பிள்ளையின் அம்மா பவுனம்மாள், "சபையில சொல்ற விஷயமில்லைங்க" என்று தலையைக் குனிந்துகொண்டாள். அது போதாதா சபாபதிக்கு? குரல் இன்னும் ஏறியது.

மாரியாயி அண்ணன் பக்கத்தில் வந்து நின்றாள். தகப்பனில்லாத பெண்ணுக்கு இப்படியொரு இடம் மறுபடி அமையுமா? அண்ணனை எதிர்த்துப் பேசியும் பழக்கமில்லை, பாவம்.

சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து பலகாரத்தோடு வந்த தங்கமணி, பவுனம்மாளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, நீங்களா? உங்க பேரைக்கூடக் கேக்காம எறங்கிட்டேனே."

பிறகு அப்பாவிடம் திரும்பினாள். "ரயில்ல பொம்பளைங்க பெட்டியில இவன் அழுத அழுகையில எனக்கு உசுரே போயிடுச்சுப்பா. எங்கிட்ட விளக்கெண்ணெய் இருந்துச்சு, காம்பு இல்ல. இவங்கதான் தட்டு வெத்தலையில கிள்ளி, எண்ணெய்ல தோய்ச்சு வச்சுவிட்டாங்க. முதல் காம்புக்கு உங்க பேரன் மசியல. ரெண்டாவதுக்குத்தான் வழிவிட்டான்."

வீடே கொல்லென்று சிரித்தது.

தட்டுக்கென்று எடுத்து வைத்ததைக் குறைக்க மனசு வரவில்லை, அதனால்தான் இலையை மறுபடி தட்டிலேயே வைத்தேன் என்றாள் பவுனம்மாள். சொல்லிக்கொண்டே, அந்த இலைகளை எடுத்துவிடக் கையை நீட்டினாள்.

சபாபதி பேரனைப் பார்த்தார். பயல் இன்னும் மீசையை விடவில்லை. "முருகன்தான் இவங்களை ஒரே பெட்டியில ஏத்திவிட்டிருக்கான்" என்று முணுமுணுத்தபடி பிள்ளையை மகளிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

"எடுக்காதீங்க சம்பந்தியம்மா. அதுதான் மேல இருக்கணும்."