தூளிக் கயிற்றுக்கு ஆதாரம்

நாகப்பட்டினத்துக் கடலோரத்தில் ஒரு பௌத்த நூலகம். அடிக்குறிப்புகளுக்குள் இறங்கிப் பார்ப்பதுதான் அங்கே குமுதவல்லியின் வேலை. ஒரு குறிப்பைத் தொட்டால் அது சுட்டும் நூல் அறைபோலத் திறக்கும். அதற்குள் இன்னொரு குறிப்பு, இன்னொரு அறை. ஓலையையோ கல்லையோ மனிதக் குரலையோ எட்டிய பிறகுதான் ஆதாரம் என்று முத்திரை வைக்கலாம்.

அன்று ஆய்வாளர் அறவாழி கொண்டுவந்தது ஒரே வரி: ‘ஆட்டுவதை நிறுத்தினாலும் தூளிக் கயிறு கொஞ்ச நேரம் ஆடும்.’

“பழைய பிக்குணி ஒருத்தங்க பாடினது மேடம். நாப்பது பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க. என் ஆய்வே இதுமேலதான் நிக்குது.”

குமுதவல்லி இறங்கினாள். நாற்பது கட்டுரைகளும் ஒரே நூலுக்குள் போய்ச் சேர்ந்தன. அந்த நூல் ஒரு தொகுப்புக்குள் இறங்கியது. அறைகள் சிறுத்துக்கொண்டே போயின. கடைசி அறையில் மழை பெய்துகொண்டிருந்தது.

“வேறு ஏதாவது வேண்டுமா?” என்று, வருபவர்கள் பேசுவதையெல்லாம் பதிந்துவைக்கும் நூலக இயந்திரம் யாரையோ கேட்டது.

“பாப்பா போயி மூணு நாளாச்சு,” என்றது ஒரு பெண் குரல். “வெறும் தூளிய ஆட்டிட்டு இருக்கேன். நிறுத்தினாலும் கயிறு கொஞ்ச நேரம் ஆடுது.”

அது குமுதவல்லியின் குரல்.

மேலே வந்தபோது அறவாழி காத்திருந்தார். “பிக்குணி கெடைச்சாங்களா மேடம்?”

“பிக்குணி இல்ல சார்.”

“அப்போ ஆதாரமே இல்லையா?”

அவள் ‘மனிதக் குரல்’ என்ற கட்டத்தில் முத்திரையைப் பதித்தாள். பெயர் கேட்ட இடத்தில் ‘மதிவதனியின் அம்மா’ என்று எழுதினாள். அப்படி அவளை யாரும் கூப்பிட்டுப் பதினொரு வருஷமாகியிருந்தது.