டாலிவரின் கையெழுத்து

"இல்லம்மா. இதுவும் என் சத்தம் இல்ல."

கிட்டாரைத் தோளிலிருந்து கழற்றிவிட்டு லென் டாலிவர் நாற்காலியில் சாய்ந்தார். எழுபதைத் தாண்டிய வயது. கறுப்புக் கண்ணாடி, விரலுக்கு ஒரு மோதிரம். ஒரு காலத்தில் அவர் கம்பியில் கை வைத்தாலே மைதானம் எழுந்து நிற்கும்.

ஹேசலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இங்கிலாந்தின் வால்சாலில் இருக்கும் அந்தப் பட்டறையில், கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டிகளை வடிவமைப்பவள் அவள்தான். டாலிவரின் பழைய இசைத்தட்டுகளில் கேட்கும் அதே முரட்டு நாதம், வாங்கிப் போகிற எவன் வீட்டிலும் கேட்க வேண்டும். பெட்டியின் முகப்பில் அவர் கையெழுத்து மின்ன வேண்டும். அதுதான் வேலை. அவர் திருப்தி என்று ஒப்பமிட்டால்தான் பெட்டி கடைக்குப் போகும்.

அவரோ போன வருஷத்திலிருந்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருக்கிறார்.

"எது குறையுதுன்னாவது சொல்லுங்களேன், மிஸ்டர் டாலிவர்."

"ஈரம் குறையுது."

"ஈரமா?"

"மழை பெஞ்சு ஓய்ஞ்ச ரோடு மாதிரி இருக்கணும் கண்ணு. இது காஞ்சு கிடக்கு."

சொல்லிவிட்டு எழுந்து, மரப்பெட்டி செய்யும் நோரிஸின் தோளில் கைபோட்டபடி டீ குடிக்கப் போய்விட்டார். எப்போதும் இப்படித்தான். வருவார், 'இல்ல' என்பார், எல்லாரோடும் உட்கார்ந்து பேக்கன் சாண்ட்விச் தின்பார், கதையளப்பார், காரில் ஏறிப் போவார்.

அவர் போனதும் ஹேசல் நோரிஸிடம் வெடித்தாள்.

"ஈரமாம், ஈரம். அந்தாளு தலையில தண்ணி ஊத்தினா சரியாயிடும்."

"பெரிய கலைஞன் ஹேசல். அவருக்குக் காது அப்படி."

"காது இல்ல, கொழுப்பு. இவருக்காக ஞாயித்துக்கிழமைகூட இங்கதான் கிடக்கேன். என் பொண்ணு ஸ்கூல் நாடகத்துல ராணியா நடிச்சா. போய்ப் பாக்கல. உன் கையைப் பாரு, மறுபடி மறுபடி பெட்டி இழைச்சு எப்படி இருக்குன்னு. நாம என்ன அவர் வீட்டு வேலைக்காரங்களா?"

நோரிஸ் இழைப்புளியை எடுத்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குத் திரும்பினார்.

அடுத்த முறை டாலிவர் வந்தபோது அறையின் நடுவே ஒரு கறுப்புத் திரை தொங்கியது. பட்டறையை வாங்கியிருந்த புது முதலாளிகளின் ஆள் டொமினிக்கும் லண்டனிலிருந்து வந்திருந்தான். ஹேசல்தான் வரச் சொல்லியிருந்தாள். வேலையாட்கள் எல்லாரும் சுவரோரம் நின்றார்கள்.

"புதுசு ஒண்ணு திரைக்குப் பின்னாடி இருக்கு. பாக்காம, கேட்டு மட்டும் சொல்லுங்க," என்றாள்.

டாலிவர் கிட்டார் கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. சுவரோரம் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார்.

பிறகு தலையை ஆட்டினார். "இல்ல. ஈரம் இல்ல."

ஹேசல் திரையைப் பிடித்து இழுத்தாள்.

மூலை உடைந்து, துணி கிழிந்து, பழுப்பேறிப்போன ஒரு பெட்டி. டாலிவர் ஊர் ஊராகச் சுமந்து திரிந்து வாசித்த அவருடைய சொந்த ஆம்ப். ஒப்பிட்டுப் பார்க்க அவரே கொடுத்துவைத்தது.



"உங்க சத்தமே உங்களுக்குத் தெரியல," என்றாள் ஹேசல். "இத்தனை நாளா எங்களை முட்டாளாக்கி வச்சிருந்தீங்க. உங்க பந்தாவுக்கு நாங்க ராத்திரி பகலா வெந்து செத்தோம். கொஞ்சமாவது வெக்கம் இருந்தா இன்னொரு தடவை அந்த 'ஈரம்'கிற வார்த்தையைச் சொல்லாதீங்க."

யாரோ ஒருவர் கைதட்டினார். இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள்.

டொமினிக் சிரித்தபடி பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினான். "இந்த விஷயம் பத்திரிகைக்காரங்க காதுக்குப் போனா நல்லா இருக்காது லென். இனி உங்க 'இல்ல' செல்லாது, கையெழுத்தைப் போட்டுடுங்க."

டாலிவர் பேனாவை வாங்கிக்கொண்டு, சுவரோரம் நின்றவர்களை இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஒப்பமிட்டார். டொமினிக் போனைக் காதில் வைத்தபடி வெளியே விரைந்தான்.

ஜெயித்துவிட்டோம் என்று நோரிஸ் ஹேசலின் முதுகில் தட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

டாலிவர் கிட்டாரை உறைக்குள் வைத்தார். முகத்தில் கோபம் இல்லை.

"நீ முதன்முதல்ல செஞ்சு காட்டினியே, அதுவே அச்சு அசல் என் சத்தம்தான் கண்ணு. இவ்வளவு சரியா யாரும் பிடிச்சதில்ல."

ஹேசல் அவரை முறைத்தாள். "மாட்டிக்கிட்டதும் இப்படிப் பேசறீங்களா?"

"திரைக்குப் பின்னாடி இருந்தது என்னோடதுன்னு முதல் தட்டுலயே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன் இல்லன்னீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அடுத்த அறையில் நோரிஸ் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

"நான் கையெழுத்துப் போட்டதும் வேலை மொத்தமும் வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குப் போயிடும், இந்தப் பட்டறைக்குப் பூட்டு. ஒப்பந்தம் பேசின அன்னைக்கே டொமினிக் சொல்லிட்டான். நான் விலகிக்கிட்டா அன்னைக்கே மூடிடுவாங்க. வெளிய சொன்னா கேஸ் போடுவாங்க. 'இல்ல'ன்னு சொல்ற உரிமை ஒண்ணைத்தான் என்கிட்ட விட்டு வச்சிருந்தாங்க கண்ணு. அதைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன்."