லங்காவித் தட்டுகள்

லங்காவிக் கடையில் ஆக உசத்தியான பீங்கான் தட்டு செட்டைத் தூக்கினேன்.

"அக்கா வீட்டுக்கா?" கணவருக்கு வாயெல்லாம் பல். "போன வருஷக் கோபம் போயிடுச்சா?"

"அதெல்லாம் அப்பவே மறந்தாச்சு லா. கீறல் இல்லாம இருக்கான்னு பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை பங்சாரில் நாத்தனார் உமையாள் வீட்டில் விருந்து. பெட்டியைப் பார்த்ததுமே அவர் கை நீண்டது.

நான் அவரைத் தாண்டி நேரே அடுப்படிக்குப் போனேன். பூப்போட்ட நீலப் பாத்தேக் கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திரம் கழுவிய வேலைக்கார அஞ்சலையை ஹாலுக்கு அழைத்து வந்து, அத்தனை பேர் முன்னாலும் பெட்டியை அவர் கையில் கொடுத்தேன்.

"எனக்குன்னுல நினைச்சேன்!" நாத்தனார் முகம் கறுத்தது.

"போன வருஷம் உங்களுக்குன்னு வாங்கியாந்த கைலியைத்தான் அவங்க கட்டியிருக்காங்க. எப்படியும் அவங்களுக்குத்தானே குடுப்பீங்க? இந்தத் தடவை உங்களுக்குச் சிரமம் வேணாம்னு நானே குடுத்துட்டேன்க்கா."